செம்புறாங்கல் தரையில் முளை இறங்குமா?

வாசகர் கேள்வி – பதில்

*எங்கள் கேரவன் வேனின் பக்கவாட்டில் இழுத்துவிடும் துணிப்பந்தல் 3 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம். ஊர்ப் பொட்டலில் நிறுத்தி முளை அடித்தால் நாலு விரல் இறங்கியதும் கம்பி வளைந்துவிடுகிறது. பந்தலோடு வந்த பிளாஸ்டிக் முளைகள் முதல் நாளே உடைந்துபோயின. என்னதான் வழி?*
– வாசகர், கானாடுகாத்தான்

முளையை மாற்றுவதற்கு முன் தரை எது என்று பாருங்கள். செட்டிநாட்டுப் பொட்டலில் ‘கெட்டித் தரை’ என்பது மூன்று வகை: வெயிலில் காய்ந்து இறுகிய செம்மண், சரளை கலந்த மண், அடியில் படிந்திருக்கும் செம்புறாங்கல். மூன்றும் மேலே ஒரே சிவப்பாகத்தான் தெரியும். கடப்பாரையால் ஒரு குத்து குத்துங்கள். ‘தொப்’ என்று அமுங்கினால் மண். கரகரவென்று வழுக்கி நகர்ந்தால் சரளை. ‘ணங்’ என்று கை அதிர்ந்தால் செம்புறாங்கல். முளை போடும் ஒவ்வோர் இடத்திலும் குத்திப் பார்க்க வேண்டும். ஒரே பந்தலின் இரண்டு மூலைகள் இரண்டு வகைத் தரையில் அமைவது இங்கே சாதாரணம்.

செம்புறாங்கல்லைப் பற்றி ஒன்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மண்ணுக்குள் ஈரத்தோடு இருக்கும்வரை அதை வெட்டி எடுக்கலாம். வெயிலும் காற்றும் பட்டபின்தான் இறுகும். அதனால்தான் அதை வெட்டி, காயவைத்து, சுவர் கட்டினார்கள். ஆக, பொட்டலில் மிகக் கெட்டியான பகுதி பெரும்பாலும் மேல் ஓடுதான். அந்த ஓட்டைத் துளைத்துவிட்டால் கீழே முளை தானாக வழி தேடிக்கொள்ளும். சம்மட்டியால் ஓங்கி அடித்து ஓட்டை உடைக்கப் பார்ப்பதுதான் தவறு. கம்பி வளையும், கல் விரியும், விரிந்த கல் முளையைப் பிடிக்காது.

எனவே துளை முதலில், முளை பிறகு. பேட்டரி சுத்தியல் டிரில்லில் 10 மி.மீ. கான்கிரீட் பிட் போட்டு 20 செ.மீ. ஆழம் துளையுங்கள். ஐந்து செ.மீ.க்கு ஒருமுறை பிட்டை வெளியே இழுத்துத் தூளை ஊதிவிட வேண்டும்; இல்லையென்றால் தூள் இறுகி பிட் மாட்டிக்கொள்ளும். அந்தத் துளையில் 12 மி.மீ. வழவழப்பான இரும்புக் கம்பியை 35 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, நுனியைத் தீட்டி இறக்குங்கள். முறுக்குக் கம்பி வேண்டாம். அதன் வரிகள் இறங்கும்போதே துளையை அகலமாக்கிவிடும். தலையில் ஒரு பெரிய நட்டை வெல்டிங் செய்துவிட்டால் கயிறு நழுவாது. எந்தப் பட்டறையிலும் செய்து கொடுப்பார்கள். ஏழெட்டு அடிக்கும் இறங்கவில்லை என்றால் மல்லுக்கட்டாமல் 12 மி.மீ. பிட்டால் துளையை ஒருமுறை பெரிதாக்குங்கள்.

உங்கள் கம்பி வளைந்ததற்குக் காரணம் அதன் மெலிவு. கம்பியின் விட்டம் இரு மடங்கானால் விறைப்பு பதினாறு மடங்காகும். பந்தலோடு வரும் 6 மி.மீ. முளைகள் புல்தரைக்கு ஏற்றவை, நம் ஊர்ப் பொட்டலுக்கு அல்ல. ரப்பர் சுத்தியலும் உதவாது, துள்ளித் திரும்பும். 2 கிலோ இரும்புச் சுத்தியலால் சின்னச் சின்ன அடியாக அடியுங்கள். அடிக்கும்போது கண்ணாடி போடாமல் இருக்காதீர்கள். செம்புறாங்கல் சில்லு கண்ணை நோக்கித்தான் தெறிக்கும். முளையை இன்னொருவர் கையால் பிடிக்கவே கூடாது, நீளக் குறடால் பிடிக்கட்டும்.

முளையின் தலை பந்தலுக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும். கல்லில் லேசான சாய்வே போதும், மண்ணில் இன்னும் கூடுதலாகச் சாய்க்கலாம். தரைக்கு மேலே மூன்று செ.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, கயிறு தரையை ஒட்டியே முளையைப் பற்ற வேண்டும். மேலே கட்டினால் கம்பி நெம்புகோலாகிவிடும். பந்தல் காலிலிருந்து முளை எவ்வளவு தள்ளி? கால் எவ்வளவு உயரமோ அவ்வளவு தள்ளி. கிட்டே அடித்தால் கயிறு செங்குத்தாகி முளையை மேல்நோக்கிப் பிடுங்கும்.

*அதே செம்மண் தரையில் டிரில் இல்லாமல் அடிக்க முடியாதா? பாதயாத்திரைக்கு உடன் போகும் வேன் எங்களுடையது. இரவு தங்கும் இடத்தில் மின்சாரம் இருக்காது.*
– வாசகி, காரைக்குடி

தைப்பூசக் காலத்தில் குன்றக்குடியில் தொடங்கி சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனி போகும்வரை தரை மாறிக்கொண்டே இருக்கும். டிரில் இல்லாமலும் சமாளிக்கலாம். வெறும் செம்மண் என்றால் தங்குமிடம் சேர்ந்ததும் முதல் வேலையாக முளை போடும் இடங்களில் ஒரு சாண் ஆழத்துக்குக் கடப்பாரையால் குழி எடுத்து, குழிக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். வற்றியதும் இன்னொரு முறை. ஒரு மணி நேரத்தில் மண் இளகும். ஈர மண் உடனே பிடிக்காது என்பதால் 45 செ.மீ. முளை வேண்டும், மண் உலர உலரப் பிடி இறுகும். சரளையிலும் இது பலிக்கும், கற்களுக்கு இடையிலுள்ள மண் இளகுமே. செம்புறாங்கல்லில் தண்ணீர் ஊற்றுவது வீண்.

மின்சாரம் இல்லாவிட்டாலும் பேட்டரி டிரில் கையில் இருந்தால் இன்னொரு வழி உண்டு. சிலர் அறுகோணத் தலையுள்ள 10 மி.மீ. மரத்திருகாணியை, 20 செ.மீ. நீளமுள்ளதை, 17 மி.மீ. சாக்கெட் போட்டு பேட்டரி டிரில்லால் தரையில் முறுக்கிவிடுகிறார்கள். காய்ந்த செம்மண்ணுக்கு இது மிக நல்ல வழி. இறக்க அரை நிமிடம், கழற்றவும் அரை நிமிடம். சரளையில் ஒரு கூழாங்கல் மரையில் சிக்கினால் தலை முறுக்கி ஒடிந்துவிடும்.

ஒரு வேண்டுகோள்: ஊருணிக் கரையிலும் கண்மாய்க் கரையிலும் முளை அடிக்காதீர்கள். கரை கெட்டியாக, மேடாக, நிழலாக இருக்கும், ஆசை வரும். ஆனால் முளைத் துளை நீர் கசியும் வழியாகும். ஓர் ஊரின் தண்ணீர் அது.

*காற்றுக்கு எத்தனை முளை போதும்?*
– வாசகர், திருப்பத்தூர்

மணிக்கு 40 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 7.7 கிலோ எடைக்கு நிகராக அழுத்தும். முதல் கேள்வியில் உள்ள பந்தலின் பரப்பு ஏழரை சதுர மீட்டர்; அப்படியானால் முழுத்துணிக்கும் 58 கிலோ. காற்று 60 கி.மீ. ஆனால் இதுவே 130 கிலோ. வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் சுமை இரண்டேகால் மடங்கு கூடுகிறது. இது அமைதியான காற்றுக்கு அல்ல, சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன்னால் திடீரென்று அடிக்கும் காற்றுக்குச் சொல்கிறோம். முன்கால் இரண்டுக்கும் தலா இரண்டு முளை, அவை ‘வி’ வடிவில் விலகி நிற்க வேண்டும். நடுவில் ஒரு முளை. மேகம் கறுத்துக் காற்று திசை மாறினால் எத்தனை முளை இருந்தாலும் நம்ப வேண்டாம், துணியைச் சுருட்டிவிடுங்கள்.

மழைக்கு ஒரு மூலையை 30 செ.மீ. தாழ்த்தி வையுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை ஒரு லிட்டர். துணி நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கினால் அடுத்த நிமிடமே இன்னும் தொய்யும், முதலில் வளைவது பந்தலை வேனோடு பிடித்திருக்கும் தாங்கு கைகள்தான். நைலான் கயிறு நனைந்தால் நெகிழும், பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கி முளையை இழுக்கும். எது கட்டியிருந்தாலும் மழைக்குப் பின் ஒரு சுற்று தொட்டுப் பாருங்கள்.

*வீட்டு முகப்பில் சிமென்ட் தரை, உள்ளே ஆத்தங்குடிக் கல். முளையே போட முடியாது. மணல் மூட்டை போதுமா?*
– வாசகர், தேவகோட்டை

போதும், எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. மூட்டையைத் தள்ளி வைத்துச் சாய்வாகக் கயிறு கட்டினால், வழவழப்பான தரையில் அது மெல்ல நகர்ந்து வரும். காலின் அடியிலேயே வைத்துக் காலோடு சேர்த்துக் கட்டுங்கள். சிமென்ட் சாக்கில் முக்கால்வாசி மணல் ஏறக்குறைய 40 கிலோ. ஒரு காலுக்கு இரண்டு மூட்டை. 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோதான். ஒன்றை நம்பிப் பந்தல் போடாதீர்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட ஓடு அல்ல, சிமென்டால் கையால் வார்த்தது. மணல் சாக்கை இழுத்தால் கீறல் விழும், ஈரச் சாக்கு கறை விடும். அடியில் தார்ப்பாய், அதன்மேல் ரப்பர் விரிப்பு, அதன்மேல் மூட்டை.

*அடித்த முளை வரவே மாட்டேன் என்கிறது. வேனில் கயிறு கட்டி இழுக்கலாமா?*
– வாசகர், பள்ளத்தூர்

கூடாது. முளை விடுபடும் நொடியில் அது எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பைப் ரிஞ்சால் பிடித்து இடமும் வலமுமாகத் திருகுங்கள்; கல்லோடு ஒட்டிய பிடி விடும். மண்ணில் என்றால் சுற்றிலும் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் பொறுங்கள். பிறகு தலையில் சங்கிலியை மாட்டி, ஒரு மரக்கட்டையைத் தாங்கலாக வைத்து, கடப்பாரையால் நெம்புங்கள். வெளியே வந்ததும் துளையைச் சரளையும் மண்ணும் போட்டு இடித்து மூடிவிடுங்கள். பொட்டலில் மாடும் மேயும், பிள்ளைகளும் செருப்பில்லாமல் ஓடும்.