பத்து சதவீத மாங்கனீசில் ஒளி ஏன் மங்குகிறது?

கடலூரிலிருந்து முதுநிலை இயற்பியல் மாணவி ஒருவர் கேட்கிறார்: "துத்தநாக சல்பைடு குவாண்டம் புள்ளிகளில் (சில நானோமீட்டர் அளவே உள்ள படிகங்களில்) 1, 2, 5, 10 சதவீத மாங்கனீசு சேர்த்தேன். 2 சதவீதம் வரை ஆரஞ்சு ஒளிர்வு கூடியது. 10 சதவீதத்தில் மங்கிவிட்டது. உட்கவர் விளிம்போ (புள்ளி ஒளியை விழுங்கத் தொடங்கும் அலைநீளம்) ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. டோப்பிங் (மாசு அணுக்களைச் சேர்த்தல்) தவறிவிட்டதா?"

தவறவில்லை. உட்கவர் விளிம்பைத் தீர்மானிப்பது புள்ளியின் அளவு. ஒளிரும் நிறத்தையும் பிரகாசத்தையும் தீர்மானிப்பது உள்ளே குடியேறிய மாசு அணு. விளிம்பு நகரவில்லை என்றால் நான்கு மாதிரிகளிலும் துகள் அளவு ஒன்றாகவே இருக்கிறது என்று பொருள். அது உங்கள் தயாரிப்பின் நேர்த்திக்குச் சான்று.

சதவீதத்தை விட்டுவிட்டு அணுக்களை எண்ணிப் பாருங்கள். 3 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு புள்ளியில் துத்தநாக அணுக்கள் சுமார் 350 மட்டுமே. 1 சதவீதம் என்பது அதில் மூன்று அல்லது நான்கு மாங்கனீசு அணுக்கள். 10 சதவீதம் என்பது முப்பத்தைந்து. புற ஊதா ஒளியைப் புள்ளி விழுங்கியதும் அந்த ஆற்றல் மாங்கனீசுக்குக் கைமாறி, 585 நானோமீட்டரை ஒட்டி, கனகாம்பர நிறத்தில் வெளிவருகிறது. ஒளியை உமிழும் இந்த மாற்றம் எலக்ட்ரானின் தற்சுழற்சி (spin) விதிப்படி தடைசெய்யப்பட்டது என்பதால் கிளர்ச்சியுற்ற மாங்கனீசு மில்லிவினாடிக் கணக்கில் காத்திருக்கிறது. அணு உலகில் அது மிக நீண்ட காலம். முப்பத்தைந்து அணுக்கள் நெருங்கி அமர்ந்திருக்கும்போது, அந்தக் காத்திருப்புக்குள் ஆற்றல் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவி, மேற்பரப்பில் உள்ள ஏதோ ஒரு படிகக் குறையைச் சென்றடைந்து வெப்பமாக வீணாகிறது. நீங்கள் கண்ட மங்கலுக்கு முதற்காரணம் இதுவே.

(1994-இல் இயற்பியலாளர் பார்கவாவின் குழுவினர், நானோ துகளில் இந்த ஒளிர்வு நானோவினாடிகளிலேயே தணிவதாக எழுதினர், அந்த வேகமான பகுதி துத்தநாக சல்பைடின் சொந்தக் குறைகளிலிருந்து வருவது என்று பிந்தைய அளவீடுகள் காட்டின. ஆய்வேட்டில் பழைய முடிவை அப்படியே எடுத்தாள வேண்டாம்.)

கரைசலில் நீங்கள் இட்ட அளவு முழுவதும் புள்ளிக்குள் போயிருக்கும் என்றும் எண்ண வேண்டாம். இவ்வளவு சிறிய படிகத்தில் எந்த அணுவும் மேற்பரப்புக்குச் சில அடுக்குகள் தொலைவிலேயே இருப்பதால், வளரும்போது நன்றாக ஒட்டாத மாசு வெளியேயே தங்கிவிடுகிறது. மாதிரியைப் பலமுறை கழுவி, மைய விலக்கியில் பிரித்து, அதன்பின் ஐ.சி.பி. (தனிமங்களின் அளவை அளக்கும் முறை) பகுப்பாய்வில் கிடைக்கும் அளவையே வரைபடத்தின் கிடை அச்சில் இடுங்கள். உள்ளே இருப்பது எது, மேலே ஒட்டியிருப்பது எது என்பதை இ.பி.ஆர். (இணைசேரா எலக்ட்ரான்களைக் காந்தப்புலத்தில் வைத்து ஆராயும் முறை) நிறமாலையின் ஆறு கோடுகள் சொல்லும்: துத்தநாகத்தின் இடத்தில் அமர்ந்த மாங்கனீசுக்குக் கோடுகளின் இடைவெளி சுமார் 69 காஸ் (காந்தப்புல அலகு), மேற்பரப்பில் உள்ளதற்கு ஏறக்குறைய 90 காஸ்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மாங்கனீசு ஒளியைத் தரும் மாசு. இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகியவை ஒளியைக் கொல்லும் மாசுகள். 350 அணுக்களுள்ள புள்ளியில் ஒரேயொரு இரும்பு அணு புகுந்தாலும் அந்தப் புள்ளி இருண்டுவிடக்கூடும். கடலூரின் உப்புக் காற்றில் ஆய்வகத்தின் எஃகுக் கரண்டி எவ்வளவு விரைவில் செம்புள்ளி பூக்கும் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தக் கரண்டியால் குளோரைடு உப்பை அள்ளாதீர்கள். நெகிழிக் கரண்டியும் இருமுறை வடித்த நீரும் போதும்.

இன்னொரு சோதனையை இன்றே செய்துவிடலாம். 295 நானோமீட்டரில் கிளர்வூட்டினால், கருவியின் இரண்டாம் வரிசை எதிரொளி (கிளர்வூட்டும் ஒளியே இருமடங்கு அலைநீளத்தில் போலியாகத் தோன்றுவது) 590-இல், மாங்கனீசின் முகட்டுக்கு மேலேயே வந்து விழும். கிளர்வூட்டலை 310-க்கு மாற்றுங்கள். முகடு 620-க்கு நகர்ந்தால் அது கருவியின் ஒளி; 585-ஐ ஒட்டியே நின்றால் அது உங்கள் மாங்கனீசின் ஒளி.