திருவையாற்றில் எங்கே, எப்போது சாப்பிடுவது? கேள்வி பதில்

திருவையாறு பயணம் பற்றிச் சேர்ந்துபோன கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்கிறேன். பல வருடங்களாகப் போய், அலைந்து, தின்று தெரிந்துகொண்டவைதான் எல்லாம்.

தஞ்சாவூரில் தங்குகிறோம். திருவையாற்றுக்கு அரை நாள் போதுமா?

போதும். ஆனால் எந்த அரை நாள் என்பதுதான் கேள்வி. தூரம் 13 கிலோமீட்டர்தான், பஸ்ஸுக்கும் பஞ்சமில்லை. வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடப்பீர்கள். குழந்தைகளைப் பாலங்களை எண்ணச் சொல்லுங்கள். ஐயாறப்பர் கோயிலை நண்பகலில் சாத்தினால் மாலை நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். பதினொன்றரைக்கு வந்து இறங்கினால் கோயிலும் இல்லை, டிபனும் இல்லை, வெயில் மட்டும் உண்டு. காலை ஏழு மணிக்கே வந்து கடைத்தெருவில் சூடாக இட்லியோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போங்கள். இல்லையென்றால் நாலரைக்கு மேல் வாருங்கள்.

அசோகா என்கிறார்களே, அது அல்வாதானா? வீட்டில் செய்தால் களிபோல ஆகிவிடுகிறது.

அல்வா குடும்பம்தான், ஆனால் உடம்பு பாசிப்பருப்பு. அதோடு கோதுமை மாவு, சர்க்கரை, நெய். களியாவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். பருப்பைத் தண்ணீர் தளும்ப வேகவைப்பது ஒன்று. மாவை நெய்யில் பச்சை வாசனை போக வறுக்காமல் சேர்ப்பது இன்னொன்று. பருப்பை முதலில் லேசாக வறுத்து, அளவான தண்ணீரில் குழைய வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை போட்டதும் எல்லாம் இளகும். அங்கே பயந்துபோய் இன்னும் மாவைக் கொட்டுகிறவர்கள்தான் அதிகம். கொட்டாதீர்கள். நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால் தானே சுருண்டு வரும். ஓரங்களில் நெய் கக்கும்போது இறக்கிவிடுங்கள்.

ஊரில் அசோகாவுக்குப் பேர்போனது ஆண்டவர் அல்வா கடை. பொட்டலம் கட்டி ஊருக்கு எடுத்துப்போவது உங்கள் இஷ்டம். என்னைக் கேட்டால், சூடாக ஒரு கரண்டி வாங்கி நின்றபடியே தின்ன வேண்டிய பண்டம் அது. பின்னாலேயே ஒரு பிடி காரம். பருப்புப் பண்டம் என்பதால் கோதுமை அல்வாவைப் போல நாள் தாங்காது.

அசைவம்?

தஞ்சாவூருக்குத் திரும்பிப் போய்ச் சாப்பிடுங்கள்.

தியாகராஜ ஆராதனைக்கு வருகிறோம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

1847இல் தியாகராஜர் மறைந்த புஷ்ய பகுள பஞ்சமி (புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாள்) திதியில் ஆராதனை நடக்கிறது. பெரும்பாலும் ஜனவரியில் வரும். அன்று காலை காவிரிக் கரையில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். சின்ன ஊர், பெரிய கூட்டம். ஒருமுறை முதல் கீர்த்தனையின் நாட்டை ராகத்தில் தொடங்கி கடைசிக் கீர்த்தனையின் ஸ்ரீராகம் முடியும்வரை வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். நாலாவதான வராளி வந்தபோது காதைவிட வயிறுதான் விழித்திருந்தது. தஞ்சாவூரிலேயே தயிர்சாதம் கட்டிக்கொண்டு விடியலில் கிளம்புங்கள்.

காவிரியில் தண்ணீர் எப்போது இருக்கும்?

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். அணையில் நீர் குறைந்த வருடங்களில் திறப்பு தள்ளிப்போகும். ஆடிப்பெருக்கன்று புஷ்ய மண்டபத் துறையில் கால் வைக்க இடம் இருக்காது. கோடையில் வந்தால் மணலைத்தான் பார்க்கலாம். புதுத் தண்ணீரில் படித்துறையை விட்டு இறங்க வேண்டாம், இழுப்பு அதிகம்.

சுற்றுவட்டாரத்தில் வேறு எங்கே போகலாம்?

திருவையாறும் சுற்றியுள்ள ஆறு சிவத்தலங்களும் சேர்ந்த ஏழூர்த் தலங்களில் முடிந்தவற்றைப் பாருங்கள். திருமழபாடியில் நடந்த நந்தியின் கல்யாணத்துக்குத் திருப்பழனத்திலிருந்து பழமும், திருநெய்த்தானத்திலிருந்து நெய்யும், திருச்சோற்றுத்துறையிலிருந்து சோறும் போனதாக ஐதீகம். விருந்துக்கு இப்படி ஊர் ஊராகப் பங்கு பிரித்த வட்டாரம் இது. திருச்சோற்றுத்துறையில் சுவாமி ஓதனவனேஸ்வரர், அம்மன் அன்னபூரணி. 'ஓதனம்' என்றாலே சோறுதான். அந்தப் பெயரை நம்பிப் பசியோடு போய்விடாதீர்கள். சிற்றூர். பையில் ஒரு பிஸ்கட் பொட்டலம் இருக்கட்டும்.