விதானையாரைக் கேளுங்கள்: பிஸ்கட் ஊரில் மூன்று மாதம்

களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் இருபத்தேழு வருடம் கிராம உத்தியோகத்தராக, ஊரார் வாயில் விதானையாராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். மகள் குடும்பம் சுவிஸில் ட்ருப்ஷாக்கன் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. அங்கே மூன்று மாதம் இருந்து வந்ததைப் போன இதழில் நாலு வரி எழுதினேன். இந்த மாதம் வந்த கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான்.

சுவிஸ் என்றால் சூரிச், ஜெனிவா என்றுதான் கேள்வி. நீங்கள் சொன்ன ஊர் எங்கே இருக்கிறது? அங்கே என்ன இருக்கிறது?
– வாசகர், கொக்கட்டிச்சோலை

பேர்ண் நகரத்திலிருந்து லுட்சேர்ன் போகும் ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். எம்மென்டால் என்ற பள்ளத்தாக்குப் பகுதி, இல்பிஸ் என்று ஓர் ஆறு. ஷாக்கன் என்றால் ஆற்றோரத் தாழ்நிலம் என்று மருமகன் சொன்னார். உங்களுக்குப் படுவான்கரை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், மலைதான் கூடுதல். சனம் ஏறத்தாழ 1,500. எங்கள் பக்கத்தில் ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கே அதைவிடக் கூட ஆள் இருக்கும்.

அந்த 1,500 பேர் ஊரில் 1910இல் தொடங்கிய கம்ப்ளி பிஸ்கட் தொழிற்சாலை இருக்கிறது. நாடு முழுக்கத் தெரிந்த பெயர். அங்கே போனால் பிஸ்கட்டை ருசி பார்க்கக் காசு வாங்குவதில்லை. முதல் நாள் வெட்கத்தில் மூன்று எடுத்தேன். இரண்டாம் நாள் எண்ணவில்லை. மூன்றாம் நாள் போக மகள் விடவில்லை.

எம்மென்டால் சீஸும் இந்தப் பகுதிச் சாமான்தான், அந்த ஓட்டை விழுந்த சீஸ். ஒரு கிலோவுக்குப் பன்னிரண்டு லீற்றர் பால் போகுமாம். நம் தயிர்க்காரர்கள் கேட்டால் தலையில் கை வைப்பார்கள்.

எங்கள் பிரதேச சபைக்கும் அங்குள்ள ஊர்ச்சபைக்கும் என்ன வித்தியாசம்? நிர்வாகம் தெரிந்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பெரியகல்லாறு

மாஸ்டர், இதற்குத்தான் நான் காத்திருந்தேன்.

சுவிஸில் 26 மாநிலங்கள், அதற்குள்ளே 2,100க்கு மேல் ஊர்ச்சபைகள். கெமைண்டே என்பார்கள். வருமான வரியை மத்திய அரசு, மாநிலம், ஊர் மூன்றும் தனித்தனியாக எடுக்கின்றன. ஊரின் பங்கு எவ்வளவு என்பதை ஊரே தீர்மானிக்கும். எப்படித் தீர்மானிக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தேன். சின்ன ஊர்களில் வருடத்தில் இரண்டு தடவையாவது ஊர்க்கூட்டம் கூடும். 18 வயதான குடிமக்கள் யாரும் வரலாம், கை தூக்கலாம். மருமகனோடு நானும் போனேன். வாக்கில்லாதவர்களுக்குச் சுவரோரம் தனியாகக் கதிரை போட்டிருந்தார்கள். நானும் இன்னும் இரண்டு பேரும் அதில் உட்கார்ந்தோம்.

நாற்பது பேர் அளவில் வந்திருப்பார்கள். எல்லார் கையிலும் கணக்குப் புத்தகம். கூட்டம் பற்றி முப்பது நாளுக்கு முன்பே அறிவித்தாக வேண்டுமாம். வரவு செலவு பத்து நிமிடத்தில் முடிந்தது. அப்புறம் வந்தது மேட்டுப் பண்ணைக்குப் போகும் ஒரு பாதை. மழைக்கு ஓரம் இடிந்துவிட்டது, திருத்தக் காசு வேண்டும். அதற்கு முக்கால் மணி நேரம்! ஒரு கிழவர் எழுந்து, அந்தப் பாதையில் நாளைக்கு எத்தனை வண்டி போகிறது என்று கேட்டார். பண்ணைக்காரர் எழுந்து, பால் வண்டியையும் பள்ளிப் பிள்ளைகளின் வண்டியையும் கணக்கில் எடுக்கவில்லையே என்றார். யாரும் சத்தம் போடவில்லை. வாக்கு எண்ணும் ஆள் பென்சிலால் காற்றில் குத்திக் குத்தி ஒவ்வொரு கையாக எண்ணினார். பாதைக்குக் காசு கிடைத்தது. நானும் பழக்க தோஷத்தில் அரைக்கை தூக்கிவிட்டேன். மருமகன் முழங்கையால் இடித்தார்.

எங்கள் காலத்தில் சில கூட்டங்களுக்குக் கூட்ட அறிக்கையை முதல் நாளே எழுதிவிடுவோம். இதை இப்போது ஒத்துக்கொள்வதால் பென்சன் குறையாது.

கூட்டம் முடிந்ததும் வைனும் சீஸும் வந்தன. கேள்வி கேட்ட கிழவரும் பண்ணைக்காரரும் ஒரே மேசையில். முன்னால் உட்கார்ந்து கணக்குச் சொன்னவர்களில் ஒருவர் பகலில் தச்சு வேலை செய்பவராம். சின்ன ஊர்களில் சபை வேலை என்பது சொந்தத் தொழிலுக்கு மேல் செய்வது. தீயணைப்புக்கும் அப்படித்தான், ஊராரே படை. அதில் சேராதவர்கள் ஈடாகக் காசு கட்ட வேண்டும். நம் கோயில் சடங்குக்கு நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர்மார் வரி எடுப்பது ஞாபகம் வந்தது. அங்கேயும் பாக்கி வைக்க முடியாது!

சுவிஸ் பாஸ்போட்டில் பிறந்த ஊரே இருக்காது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், ஆரையம்பதி

உண்மைதான். அந்த இடத்தில் பூர்வீக ஊர் இருக்கும். பாட்டன், பூட்டன் எந்த ஊர்க் குடிமகனோ அந்த ஊர். அங்கே காலே வைக்காதவர்களும் அந்த ஊர்தான். எனக்கு உடனே நம் குடி முறை ஞாபகம் வந்தது. ஆனால் நமக்குக் குடி தாய் வழியில், வயிற்றுவார் பார்த்து வரும். அவர்களுக்கு முன்பு தகப்பன் வழி. கலியாணம் முடித்தால் பெண்ணுக்குப் புருஷனின் ஊரும் வந்து சேர்ந்தது. 2013இல்தான் சட்டத்தை மாற்றி, அவரவர் ஊர் அவரவருக்கு என்றார்கள்.

வெளியிலிருந்து போய்க் குடியுரிமை எடுப்பவருக்கு, எந்த ஊர் அவரை ஏற்றுக்கொள்கிறதோ அதுவே பூர்வீகம். களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில் பிறந்த என் மகளின் அடையாள அட்டையில் பூர்வீகம் ட்ருப்ஷாக்கன்! எத்தனை பேருக்கு வதிவிடச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தவன் நான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். "அப்பா, எழுத்துப்பிழை இல்லை" என்றாள்.

ஐயா, என் மகனும் இப்படி ஒரு சின்ன ஊரில்தான் இருக்கிறான். யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அழுகிறான். அங்குள்ள சனம் அப்படித்தானா?
– ஒரு தாய், தம்பிலுவில்

தங்கச்சி, முதல் மாதம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெற்றுப் போத்தல்களைக் கொண்டுபோய் ஊர்ப் பொதுப் பெட்டியில் போட்டேன். சளார் என்று சத்தம். எதிர்வீட்டு அம்மா யன்னலைத் திறந்து ஏதோ சொன்னார். ஞாயிறில் போத்தல் போடக்கூடாதாம், சத்தம் வருமாம். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. திங்கள் காலை அவரே கதவைத் தட்டி, எந்தக் குப்பை எந்த நாள் என்று படம் போட்ட தாளொன்றைத் தந்தார். கூடவே ஒரு போத்தல் ஜாம். அதன் பிறகு வழியில் கண்டால் "க்ரூயெசெக்" என்பார், பேர்ண் பக்கத்து வணக்கம் அது. நானும் சொல்வேன். அங்கே வழியில் எதிர்ப்படுபவர் தெரியாதவராக இருந்தாலும் சொல்ல வேண்டும். மகன் முதலில் சொல்லிப் பார்க்கட்டும்.

இன்னொன்று. அங்கே சனம் வீட்டுக்கு வந்து பழகாது, சங்கத்தில்தான் பழகும். பாட்டுக்கு, வாத்தியத்துக்கு, உடற்பயிற்சிக்கு, எல்லாவற்றுக்கும் சங்கம் உண்டு. ட்ருப்ஷாக்கனில் கலாசாரச் சங்கம் 1964இலிருந்து சில வருடத்துக்கு ஒரு தடவை பள்ளிக்கூடத்தில் பெரிய ஓவியக் கண்காட்சி வைக்கிறது, வேலை முழுக்க ஊரார். எம்மென்டாலில் ஹோர்னுசென் என்று ஒரு விளையாட்டு. நம் கிட்டிப்புள்ளுக்கு அண்ணன். ஒரு பக்கத்தார் வளையும் நீளக் கோலால் சின்ன வில்லையை விசுக்கி அடிப்பார்கள். மற்றப் பக்கத்துப் பதினெட்டுப் பேர் பிடி போட்ட பலகையை ஆகாயத்தில் எறிந்து அதை விழுத்துவார்கள். வில்லை என் கண்ணுக்கு ஒரு தடவைகூடத் தெரியவில்லை. பலகை பறப்பது மட்டும் தெரிந்தது. பக்கத்து லங்நாவ் ஊரின் பனி ஹொக்கி அணிக்கு டைகர்ஸ் என்று பெயர். மருமகன் அந்தப் பெயர் போட்ட சால்வையோடு வாசலில் நின்றதைக் கண்டு நான் திடுக்கிட்டது வேறு கதை. மகனை ஏதாவது ஒன்றில் சேரச் சொல்லுங்கள். கோயில் வேண்டுமென்றால் பேர்ண் நகரத்தில் 2014இல் திறந்த சமயங்களின் இல்லத்துக்குள் சைவக் கோயில் இருக்கிறது. ஆனால் கோயிலுக்கு மட்டும் போனால் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது.

அங்கே பெண்களுக்கு எப்போது வாக்குரிமை கிடைத்தது?
– மாணவி, ஏறாவூர்

நாடு முழுவதற்குமான வாக்கு 1971இல். அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற மாநிலத்து ஆண்கள் உள்ளூர் வாக்கை அதற்குப் பிறகும் கொடுக்கவில்லை, 1990இல் உச்ச நீதிமன்றம்தான் கொடுக்க வைத்தது. இலங்கையில் 1931. இதை எதிர்வீட்டு அம்மாவிடம் மகள் மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உங்கள் வகுப்பில் சொல்லுங்கள் புள்ள.

எனக்கும் ஒரு ஸ்பொன்சர் கடிதம் மகளிடம் எடுத்துத் தர முடியுமா?
– வாசகர், வாழைச்சேனை

பிஸ்கட் என்றால் ஒரு பெட்டி மிச்சம் இருக்கிறது. எறும்பு ஏற முதல் வாருங்கள்.