2019-லேயே நீக்கியிருந்தால்?

கேள்வி: ஃபார்கோவில் பதினாலு வருஷமாக இருக்கிறோம். நார்த் டகோட்டா பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி அணி என்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உயிர். 2016-ல் தேசியக் கோப்பை வாங்கிய பிறகு 2025 வரை அணி ஒரு முறைகூட கடைசி நாலுக்குள் வரவில்லை. 2025 மார்ச்சில் ஒருவழியாகத் தலைமைக் கோச் பிராட் பெரியை நீக்கினார்கள். 2019-லேயே நீக்க வேண்டும் என்று சொன்னவன் நான். ரசிகன் பேச்சு நிர்வாகத்தின் காதில் விழ ஆறு வருஷமா? அதிலும் பெரிய பெயர் ஒருவரைக் கொண்டுவராமல், 19 வருஷம் உதவிக் கோச்சாக இருந்த டேன் ஜாக்சனையே உட்கார வைத்துவிட்டார்கள். இதற்குப் பெயர் மாற்றமா?
- வாசகர், ஃபார்கோ, நார்த் டகோட்டா (நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம்)

பதில்: 2019 என்று அடித்துச் சொல்கிறீர்கள். அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

2018, 2019 இரண்டு வருஷமும் தேசியப் போட்டிக்கே அணி தகுதி பெறவில்லை. எட்டுத் தேசியப் பட்டம் வாங்கிய அணிக்கு அது பெரிய அடிதான். பல்கலைக்கழகம் இருக்கிற கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரில் மொத்தம் அறுபதாயிரம் பேர்கூட இல்லை. அங்கே இருக்கிற ஹாக்கி அரங்கில் பதினோராயிரம் இருக்கைக்கு மேல். உறைபனியில் ஃபார்கோவிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் கார் ஓட்டிப் போய் அதில் உட்காருகிறவருக்குக் கோபப்பட முழு உரிமை உண்டு. கோபப்பட்டதற்காக உங்களை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் உங்கள் பேச்சைக் கேட்டு அன்றைக்கே நீக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். அடுத்த சீசனிலேயே பெரியின் அணி 26 ஆட்டத்தில் வென்றது, ஐந்தில் மட்டும் தோற்றது, நாலு சமம். தேசியப் போட்டி தொடங்குவதற்குள் கொரோனா வந்து, 2020 மார்ச்சில் போட்டியையே ரத்து செய்துவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. 2020, 2021, 2022 மூன்று வருஷமும் லீக்கின் பென்ரோஸ் கோப்பை நார்த் டகோட்டாவுக்குத்தான்; மூன்றாவதை மட்டும் டென்வர் பல்கலைக்கழகத்துடன் பகிர்ந்துகொண்டார்கள். டென்வர், மின்னசோட்டா-துலூத் மாதிரி பலமான பல்கலைக்கழக அணிகள் இருக்கிற லீக்கில் இது லேசான காரியமில்லை. நீங்கள் போகச் சொன்ன மனிதர் செய்த வேலை இது. உங்கள் நான்கு பக்கத்தில் இந்த மூன்று வருஷத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சரி, தேசியப் போட்டிக்கு வருவோம். பதினாறு அணிகள், தோற்றால் வீட்டுக்கு. 2016-க்குப் பிறகு பெரியின் அணி அங்கே நாலு முறை போனது. 2017-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்திடம் இரண்டாவது ஓவர்டைமில் (சமமாக இருந்தால் ஆடும் கூடுதல் நேரம்) தோல்வி. 2021-ல் துலூத்திடம் ஐந்தாவது ஓவர்டைமில். 2022-ல் நோட்டர் டேமிடம், அதுவும் ஓவர்டைமில். 2024-ல் மிச்சிகனிடம் 4-3. இந்த நாலு ஆட்டங்களும் ஒரே ஒரு கோலில், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போயிருக்கக்கூடிய ராத்திரிகள். இதை வைத்து ஒருவருக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கத் தெரியாது என்று எழுதுவது அநியாயம்.

அதே நாலு பயணத்தில் அணி மொத்தமாக ஜெயித்தது ஒரே ஓர் ஆட்டம் என்பதும் உண்மை. 2023-லும் 2025-லும் மறுபடி தகுதி பெறவில்லை. பத்து சீசனில் நாலு முறை வெளியே நின்றால், அத்தனை வசதி உள்ள இடத்தில், நிர்வாகம் சும்மா இருக்க முடியாது. 2025-ல் எடுத்த முடிவைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 2025-ல் சரியானது 2019-லும் சரியாக இருந்திருக்கும் என்று நீங்கள் சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

கல்லூரி ஹாக்கியில் ஒரு கோச்சின் வேலை தாமதமாகத்தான் கண்ணில் படும். பதினாறு, பதினேழு வயதுப் பையனைப் பார்த்துப் பேசி வைக்கிறார்கள். அவன் பனியில் இறங்கிப் பெயர் எடுப்பதற்குள் சில வருஷங்கள் ஓடிவிடுகின்றன. பெரிக்கு முன்னால் இருந்த டேவ் ஹாக்ஸ்டால் பதினோரு சீசன் இருந்தார். ஏழு முறை கடைசி நாலுக்குள் அணியைக் கொண்டுபோனார். ஒரு முறையும் கோப்பை இல்லை. 2015-ல் அவர் என்.எச்.எல். என்ற தொழில்முறை ஹாக்கி லீக்கில் வேலைக்குப் போனார், பெரி வந்தார், முதல் வருஷமே கோப்பை. இறுதிப் போட்டியில் குயினிபியாக்கை 5-1 என்று அடித்த அந்த அணியில் பெரும்பாலும் ஹாக்ஸ்டால் காலத்தில் பேசி எடுத்த பையன்கள்தான். அப்போது உதவிக் கோச்சாகப் பெரியும் கூட இருந்தார். அந்தக் கோப்பையை யார் கணக்கில் எழுதுவீர்கள்? உங்கள் கடிதத்தைப் பார்த்தால் கோப்பை அணியின் கணக்கில் இருக்கிறது, அதற்கப்புறம் வந்த வறட்சி முழுக்கப் பெரியின் கணக்கில்.

டென்வரில் நடந்ததை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜார்ஜ் க்வாஸ்டெக்கி அங்கே 1994 முதல் தலைமைக் கோச். 2004, 2005 என்று அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டம். 2008-ல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆட வரவேண்டிய பையன் டேவிட் கார்ல். பதினெட்டு வயது, தடுப்பாட்டக்காரன். என்.எச்.எல். அணிகள் இளம் ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிக்கு முன் நடந்த பரிசோதனையில் இதயத் தசை தடித்துப்போகும் நோய் என்று தெரிந்தது. ஆடினால் உயிருக்கே ஆபத்து. ஒரே வாரத்தில் அவன் ஹாக்கி வாழ்க்கை முடிந்துபோனது. டாம்பா பே என்ற என்.எச்.எல். அணி அவனால் இனி ஆட முடியாது என்று தெரிந்தே, அவன் கனவு வீணாகக் கூடாது என்று ஏழாவது சுற்றில் அவன் பெயரைச் சொன்னது. க்வாஸ்டெக்கி அதற்கும் ஒரு படி மேலே போனார். ஒரு நாள்கூட ஆடப்போகாத பையனுக்கு ஸ்காலர்ஷிப்பைக் கொடுத்தார். மாணவ உதவிக் கோச்சாகத் தன் பெஞ்சிலேயே இடம் கொடுத்தார்.

2013-ல் அதே க்வாஸ்டெக்கியை நீக்கினார்கள். அந்த சீசனோடு சேர்த்துப் பன்னிரண்டு சீசனாக அவர் அணி இருபது வெற்றிக்குக் குறைந்ததே இல்லை. அவருக்குப் பின் வந்த ஜிம் மாண்ட்கோமரி 2017-ல் கோப்பை வாங்கினார், 2018-ல் டல்லாஸ் ஸ்டார்ஸ் என்ற என்.எச்.எல். அணிக்குப் போனார். அப்போது பல்கலைக்கழகம் யாரைத் தலைமைக் கோச் ஆக்கியது தெரியுமா? இருபத்தெட்டு வயது டேவிட் கார்லை. அவர் 2022-ல் ஒரு கோப்பை, 2024-ல் இன்னொன்று வாங்கித் தந்தார்.

க்வாஸ்டெக்கியை நீக்கியது சரிதான் என்று வாதாடுகிறவர்கள் இந்தக் கோப்பைகளைக் காட்டலாம். ஆனால் அவற்றில் இரண்டு, அந்த நீக்கப்பட்ட மனிதர் ஒரு நோயாளிப் பையனைக் கைவிடாததால் வந்தவை. வெற்றி தோல்விப் பட்டியலில் இதற்குக் கட்டம் கிடையாது. உங்கள் கடிதத்தில் கோப்பை என்ற சொல் ஒன்பது இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். மாணவர்கள் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அந்தப் பையன்களை நாலு வருஷம் பெரி எப்படி நடத்தினார், படிப்பை முடித்தார்களா, அடிபட்டவனை என்ன செய்தார் என்றெல்லாம் நீங்கள் விசாரித்ததாகவே தெரியவில்லை. இதைக் கேட்காமல் ஒரு கல்லூரிக் கோச்சை எடைபோடுவது எனக்கு ஒப்பவில்லை. மிச்சிகனில் 2022-ல் அணி கடைசி நாலுக்குள் வந்த அதே வருஷம், அணிக்குள் நிலவிய சூழல் பற்றிய விசாரணை அறிக்கைக்குப் பிறகு கோச்சை மாற்றினார்கள். வெற்றிகளை மட்டும் பார்த்திருந்தால் அந்த மாற்றம் நடந்தே இருக்காது.

அப்புறம் பெரிய பெயர். 2016-ல் விஸ்கான்ஸின் உங்கள் விருப்பப்படியே செய்தது. டோனி கிரனாட்டோ அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய நட்சத்திரம், என்.எச்.எல்.லில் எழுநூறு ஆட்டத்துக்கு மேல் ஆடியவர். ஏழு சீசனில் அணி ஒரே ஒரு முறைதான் தேசியப் போட்டிக்குப் போனது. 2023-ல் அவரை நீக்கிவிட்டு, மின்னசோட்டா ஸ்டேட் என்ற சிறிய இடத்தில் பல வருஷம் அணியைக் கட்டிய மைக் ஹேஸ்டிங்ஸைக் கொண்டுவந்தார்கள். முதல் சீசனிலேயே அணி தேசியப் போட்டிக்குத் திரும்பியது. பெயரை வைத்து முடிவு செய்தால் கார்ல் இன்னும் யாருக்கோ உதவியாளராகத்தான் இருந்திருப்பார். டேன் ஜாக்சன் 19 வருஷம் உதவிக் கோச்சாக இருந்ததை அவருடைய குறையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த 19 வருஷத்தில் அங்கே வந்த ஒவ்வொரு பையனையும், அவன் பெற்றோரையும் அறிந்தவர் அவர். கோச் போனதும் பையன்கள் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிவிடக்கூடிய காலம் இது. 2025 சீசனிலிருந்து கனடிய ஜூனியர் லீக் ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி மாறி, ஆள் பிடிக்கும் போட்டியும் கடுமையாகிவிட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் வீட்டுக்குள் தெரிந்த ஆளை வைத்ததில் எனக்கு நியாயம் தெரிகிறது.

ஆள் மாற்றுவதில் கார்னெல் பல்கலைக்கழகம் செய்ததைத்தான் நான் ரசிக்கிறேன். மைக் ஷேஃபர் 1995-லிருந்து முப்பது வருஷம் அங்கே தலைமைக் கோச். தேசியப் பட்டம் ஒன்றுகூட இல்லை. அவர் ஓய்வு பெறுவதை ஒரு வருஷம் முன்பே சொல்லி, அடுத்து வரப்போகிற கேஸி ஜோன்ஸைக் கூடவே பெஞ்சில் நிற்க வைத்தார்கள். அந்தக் கடைசி சீசனில் ஷேஃபர் லீக் கோப்பையை வாங்கி, தேசியப் போட்டியில் மிச்சிகன் ஸ்டேட்டையும் வீழ்த்திவிட்டுத்தான் போனார்.

கடைசியாக ஒன்று. 2021 மார்ச்சில் துலூத்துடன் நடந்த அந்த ஆட்டத்தை, உங்கள் ஃபார்கோவிலேயே நடந்ததை, நடுராத்திரி வரை குடும்பத்தோடு டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்ததாக மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். 2-0 என்று பின்தங்கி, நேரம் முடியப்போகும்போது கோலியை (கோல் காப்பவரை) வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்கினார்கள். காலியான வலைக்குள் ஒரு முறை ரப்பர் வட்டு போனால் கதை முடிந்தது. கடைசி இரண்டு நிமிஷத்துக்குள் இரண்டு கோல். அப்புறம் ஐந்து ஓவர்டைம், மொத்தம் 142 நிமிஷம் 13 நொடி. தோற்றும் எழுந்து நின்று கைதட்டியதாகவும், அப்படி ஓர் ஆட்டத்தை அதுவரை பார்த்ததில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அன்று பெஞ்சுக்குப் பின்னால் நின்று கோலியை வெளியே வரச் சொன்னவர் பிராட் பெரி.