முழங்கால் தேய்மானம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

வணக்கம். மதுரையில் 19 வருடமாக பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் முழங்கால் வலிதான். மூட்டுத் தேய்மானம் பற்றி வரும் ஆய்வுகளை விடாமல் படிக்கிறேன், அதனால்தான் பதில் சொல்ல ஒப்புக்கொண்டேன். நான் டாக்டர் இல்லை, மாத்திரையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினாலும் பார்க்க மாட்டேன், காலைத் தொட்டுப் பார்க்காமல் சொல்வது சரியில்லை. மற்றபடி கேளுங்கள்.

சேலம், ஆசிரியை, 56 வயது: எக்ஸ்ரேயில் கிரேடு 3 என்று இருக்கிறது. ஜவ்வு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது என்றார்கள். நடந்தால் இன்னும் தேயும் என்று நடப்பதையே நிறுத்திவிட்டேன். சரிதானா மேடம்?

இல்லை, நாளைக்கே மறுபடி ஆரம்பியுங்கள். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் பாதி பதில் இதில் கிடைத்துவிடும்.

கிரேடு 0 முதல் 4 வரை என்கிற கணக்கு கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1957-ல் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து வகுத்தது. படத்தில் இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது, ஓரத்தில் எலும்பு முளைத்திருக்கிறதா என்று அது சொல்லும். உங்களுக்கு எவ்வளவு வலிக்கிறது என்று அதால் சொல்ல முடியாது. கிரேடு 4 படத்தோடு கோயில் படி ஏறுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், கிரேடு 1-ஐ வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் தவிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. நீங்கள் ஜவ்வு என்று சொல்லும் குருத்தெலும்பில் நரம்பே கிடையாது, அது தேய்வதால் மட்டும் வலி வராது. வலி வருவது அதன் அடியில் இருக்கும் எலும்பிலிருந்தும், மூட்டைச் சுற்றிய சவ்வு வீங்குவதிலிருந்தும், தசை பலம் இல்லாமல் மூட்டு ஒவ்வொரு அடியிலும் தடுமாறுவதிலிருந்தும்.

குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயும் கிடையாது. கால் ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது விரிந்து, சுற்றியிருக்கும் திரவத்திலிருந்துதான் அது தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. நடக்காமல் உட்கார்ந்துவிட்டால் அதுவும் கிடைப்பதில்லை, தொடைத்தசையும் மாதக்கணக்கில் சுருங்கிப்போகிறது. டயர் தேய்வதோடு இதை ஒப்பிடுகிறார்கள், டயருக்கு உயிர் இல்லை, உங்கள் மூட்டுக்கு இருக்கிறது.

இன்றைக்கே செய்ய ஒன்று சொல்கிறேன். கை வைக்காத நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள், நகராமல் இருக்கும். நுனியில் உட்கார்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றே பின்னால் இழுத்து, இரண்டு கைகளையும் மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு எழுந்திருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணிக்கொண்டே மெல்ல இறங்குங்கள். பலன் அந்த இறங்குவதில்தான் இருக்கிறது. எட்டு முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி எட்டு. எழ முடியவில்லை என்றால் நாற்காலியில் தலையணை போட்டு உயரமாக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அந்த எக்ஸ்ரேயை நிற்கவைத்து எடுத்தார்களா, படுக்கவைத்து எடுத்தார்களா? படுத்தபடி எடுத்தால் எடை விழாது, இடைவெளி உண்மையில் எவ்வளவு என்று தெரியாது. அடுத்த முறை நிற்கவைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

திருச்சி, வங்கி ஊழியர்: மூட்டுக்கு நல்லது என்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரை ஆறு மாதமாகச் சாப்பிடுகிறேன். தொடரலாமா?

2006-ல் அமெரிக்காவில் 1,583 பேரை வைத்துப் பெரிய ஆய்வு நடத்தினார்கள். வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 60 சதவீதம் பேருக்கு வலி ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தது. குளுக்கோசமைன் குழுவில் 64 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. பிரிட்டனின் 2022 மருத்துவ வழிகாட்டுதல் இதைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. பெரிய கெடுதல் இல்லை, ஆனால் அந்தக் காசுக்கு நல்ல செருப்பு வாங்கலாம்.

பெயர் சொல்லாதவர்: கொலாஜன் பவுடரோடு குளுக்கோசமைன் சேர்த்தால்?

மேலே திருச்சிக்காரருக்குச் சொன்னதுதான்.

ஈரோடு, இல்லத்தரசி, எடை 84 கிலோ: எடையைக் குறைக்கச் சொல்கிறார்கள். நடக்கவே முடியவில்லை, எப்படிக் குறைப்பேன்?

உங்கள் கோபம் புரிகிறது. எடையைக் குறை என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. நடந்து எடை குறைப்பதைவிடச் சாப்பாட்டில் குறைப்பதுதான் அதிகம் நடக்கும், அதற்கு முழங்கால் வேண்டியதில்லை. முதலில் இரவுச் சாப்பாட்டில் கை வையுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று மெஸ்ஸியர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் 2005-ல் அளந்து காட்டினார்கள். ஐந்து கிலோ குறைத்தாலே அடிக்கு இருபது கிலோ.

எடை குறைக்கும் ஊசி மருந்து பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். செமக்ளூட்டைடு ஊசியை உடல் பருமனும் முழங்கால் தேய்மானமும் சேர்ந்திருந்த 407 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2024-ல் வந்தது. 68 வாரத்தில் எடை சராசரியாக 13.7 சதவீதம் குறைந்தது, வலியும் போலி ஊசி போட்டவர்களைவிட நன்றாகவே குறைந்தது. உங்களுக்கு அது பொருந்துமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

விருதுநகர், 63 வயது: ஒருவர் கொடுக்கும் பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிட்டேன். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது. சர்க்கரை மட்டும் ஏறியிருக்கிறது. தொடரட்டுமா?

ஐயா, இன்றே அந்தப் பொடியை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். மூன்று நாளில் பறக்கும் வலியும் கூடவே ஏறும் சர்க்கரையும் சேர்ந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் ஸ்டீராய்டுதான். பல மாதம் சாப்பிட்டிருந்தால் திடீர் நிறுத்தம் ஆபத்து, டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வந்த ஓர் அம்மாவுக்கு முகம் நிலா மாதிரி உப்பியிருந்தது, முன்கையில் லேசாகப் பிடித்த இடமெல்லாம் கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது. முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் காட்டினார், காகிதத்தில் மடித்த வெள்ளைப் பொடி, பெயர் இல்லை, தேதி இல்லை. அமெரிக்காவில் மூலிகை என்று விற்ற ஆர்ட்ரி கிங் மாத்திரையில் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் ஒளிந்திருப்பதை அந்நாட்டு மருந்து நிர்வாகம் கண்டுபிடித்து 2022-ல் எச்சரித்தது. பெயர் ஒட்டாத பொடி எதுவானாலும் வாயில் போடாதீர்கள்.

தஞ்சாவூர், 49 வயது: ரத்தத்தை எடுத்துச் சுற்றி மூட்டில் போடும் பிஆர்பி ஊசி மூன்று போடச் சொல்கிறார்கள். ஜவ்வு வளருமா?

வளராது. ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டு 12 மாதம் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு பிஆர்பி, பாதிப் பேருக்கு உப்புத்தண்ணீர், யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 2021-ல் முடிவு வந்தது: வலியிலும் வித்தியாசம் இல்லை, குருத்தெலும்பின் அளவிலும் இல்லை.

கோயம்புத்தூர், தொழில் செய்பவர்: தவறாகச் சொல்கிறீர்கள். என் மனைவிக்கு அதே ஊசிதான். படியே ஏறாதவர் இப்போது மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போகிறார். கண்ணால் பார்த்ததை நம்புவதா, எங்கோ எழுதியதை நம்புவதா?

அவர் மாடி ஏறுவதை நான் சந்தேகிக்கவே இல்லை சார், கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஊசியால்தான் ஏறுகிறாரா என்பதுதான் கேள்வி. அந்த ஆய்வில் உப்புத்தண்ணீர் போட்டவர்களுக்கும் வலி குறைந்தது, அவர்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் உங்களைப் போலவே சொல்லியிருப்பார். முழங்கால் வலி அலை மாதிரி ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் காசு செலவழித்து ஊசிக்குப் போவோம், அதற்குப் பிறகு அது எப்படியும் கொஞ்சம் இறங்கும். நம்பிக்கையோடு செய்த எதற்கும் வலி குறையும், அதுவும் நிஜமான குறைவுதான். இதையெல்லாம் கழித்த பிறகு ஊசிக்கு என்ன மிச்சம் என்று பார்க்கத்தான் உப்புத்தண்ணீரோடு ஒப்பிடுகிறார்கள்.

அதே கோயம்புத்தூர்க்காரர்: அப்படியானால் உங்கள் உடற்பயிற்சியையும் உப்புத்தண்ணீரோடு ஒப்பிட்டுப் பாருங்களேன். உங்கள் தொழில் என்றால் மட்டும் கேள்வி கிடையாதா?

பார்த்துவிட்டார்கள். டென்மார்க்கில் 206 பேர், 2022-ல் வெளியானது. ஒரு பாதிக்கு எட்டு வாரம் உடற்பயிற்சியும் விளக்க வகுப்பும், இன்னொரு பாதிக்கு மூட்டில் நான்கு முறை உப்புத்தண்ணீர் ஊசி, அதுவும் இது உப்புத்தண்ணீர்தான் என்று சொல்லியே போட்டது. ஒன்பதாவது வாரம் அளந்தபோது இரண்டு பக்கமும் வலி ஒரே அளவுதான் குறைந்திருந்தது. படித்த அன்று எனக்கு மனசு கனத்துப்போனது. இரண்டு நாள் என்னிடம் வந்தவர்களிடம் சரியாகப் பேசக்கூட முடியவில்லை.

ஆகவே உங்கள் கேள்வி நியாயமானது. உடற்பயிற்சியால் வரும் வலிக் குறைவிலும் நம்பிக்கைக்கும் அலை இறங்குவதற்கும் பெரிய பங்கு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். இருந்தும் ஏன் அதையே சொல்கிறேன் என்றால், ஒன்பது வாரம் வேறு, ஒரு வருடம் வேறு. அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரிடம் ஸ்டீராய்டு ஊசியையும் பிசியோதெரபியையும் ஒப்பிட்டார்கள், 2020-ல் வந்தது, ஒரு வருடம் கழித்து பிசியோதெரபி செய்தவர்கள்தான் நன்றாக இருந்தார்கள். அப்புறம் தொடைத்தசை பலமானால் கழிவறையில் கை ஊன்றாமல் எழலாம், கீழே விழுவது குறையும், சர்க்கரை கட்டுப்படும். எந்தத் தண்ணீர் ஊசியும் அதைத் தராது. நான் சொன்ன நாற்காலிப் பயிற்சிக்கு என்னிடம் வரவே வேண்டாம், ஒரு ரூபாய் செலவு இல்லை.

மார்த்தாண்டம், நர்ஸ்: அப்போ அக்கா, மலிவாக உப்புத்தண்ணீரையே போட்டுவிடலாமே?

மூட்டுக்குள் ஊசி போகிற ஒவ்வொரு முறையும் கிருமி போக ஒரு சிறு வாய்ப்பு இருக்கிறது. மூட்டில் சீழ் கட்டினால் என்னவாகும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல தங்கை. பிஆர்பி பற்றி இன்னும் ஏழு பேர் கேட்டிருக்கிறீர்கள், எல்லோருக்கும் இதுவே பதில்.

சென்னை, 38 வயது: காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் ஒன்றரை மணி நேரம் மடங்கவில்லை, வீக்கமும் இருக்கிறது. தேய்மானமா?

தேய்மான விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். நீங்கள் சொல்வது முடக்குவாதமாக இருக்கலாம். இந்த வாரமே வாதநோய் டாக்டரை, அதாவது ருமட்டாலஜிஸ்ட்டைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

திருநெல்வேலி, 60 வயது: எம்ஆர்ஐயில் மெனிஸ்கஸ், அதாவது முழங்கால் எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் திண்டு, கிழிந்திருக்கிறது என்று வந்தது. துளை போட்டுச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள்.

மூட்டு பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போகிறதா? இல்லையென்றால் அவசரப்படாதீர்கள், இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். ஹூஸ்டனில் மோஸ்லி என்ற அறுவை மருத்துவர் முழங்கால் தேய்மானம் இருந்த 180 பேரை எடுத்துக்கொண்டார். சிலருக்கு உள்ளே சுத்தம் செய்தார், சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார். இரண்டு வருடம் கழித்தும் வித்தியாசம் தெரியவில்லை, 2002-ல் வெளியிட்டார். பின்லாந்தில் வயதால் வரும் மெனிஸ்கஸ் கிழிசலுக்கே 2013-ல் இதே மாதிரி செய்து பார்த்தார்கள், அதே முடிவு. அறுபது வயதில் எம்ஆர்ஐ எடுத்தால் வலியில்லாத முழங்காலிலும் கிழிசல் தெரிவது சகஜம்.

மருந்தியல் மாணவி: குருத்தெலும்பை வளர்க்கும் மருந்து வருமா மேடம்?

ஸ்ப்ரிஃபெர்மின் என்று ஒன்று ஏறக்குறைய வந்தது. 2019-ல் முடிவு வெளியானது. போலி ஊசிக் குழுவைவிடக் குருத்தெலும்பு 0.05 மில்லிமீட்டர் கூடுதலாக நின்றது, ஆனால் வலியில் மாற்றம் இல்லை. குருத்தெலும்பில் நரம்பு இல்லை என்று சேலம் ஆசிரியைக்குச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். இதற்கு நேர்மாறாக டானெசுமாப் என்ற ஊசி மருந்து வலி நரம்பையே அடக்கியது, வலி குறைந்தது, ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாக அழிந்தது. 2021-ல் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 19-க்கு 1 என்று எதிர்த்து வாக்களித்தது, மருந்து கைவிடப்பட்டது. இப்போது நான் ஆவலோடு பார்ப்பது மெட்ஃபார்மினை, நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் அதே சர்க்கரை மாத்திரைதான். மெல்பர்னில் அதிக எடையுள்ள 107 பேரிடம் ஆறு மாதம் கொடுத்ததில் வலி குறைந்ததாக 2025-ல் வந்தது. சின்ன ஆய்வு, பெரியது வரட்டும். அதுவரை அப்பாவின் மாத்திரையை எடுத்துச் சாப்பிடாதீர்கள்.

காரைக்குடி: தரையில் சம்மணமிட்டு உட்காராததால்தான் முட்டி வலி, அந்தக் காலத்தில் யாருக்கு இருந்தது?

அந்தக் காலத்துப் பாட்டிகளுக்கும் இருந்தது, எக்ஸ்ரே எடுக்கவில்லை. பெய்ஜிங்கில் முதியவர்களை ஆராய்ந்தபோது, இளமையில் அதிக நேரம் குந்தி உட்கார்ந்தவர்களுக்கு முழங்கால் தேய்மானம் கூடுதலாக இருந்தது. வலி இல்லாதவர்கள் தாராளமாக உட்காருங்கள். வலிக்கும்போது வீம்புக்கு உட்காராதீர்கள்.

மயிலாடுதுறை: அம்மாவுக்கு 71. இரவிலும் வலி, வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். மாற்று அறுவை சிகிச்சைக்குப் பயப்படுகிறார்.

இந்த நிலைக்கு அறுவை சிகிச்சை நல்ல வழி. 2015-ல் டென்மார்க்கில் 100 பேரில் அறுவை செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்டபோது அறுவை செய்தவர்களுக்கு வலி அதிகம் குறைந்தது. கிருமித் தொற்று, ரத்தக் கட்டு போன்ற சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம் வந்தன, அதை அம்மாவிடம் மறைக்காதீர்கள். செயற்கை மூட்டில் பத்துக்கு எட்டு 25 வருடம் தாங்குகிறது. மூட்டின் விலைக்கு 2017-ல் அரசு உச்சவரம்பு வைத்தது, பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரியுங்கள். நாள் குறித்தாலும் அதுவரை நாற்காலிப் பயிற்சியை விட வேண்டாம், பலமான தொடையோடு போனால் எழுந்து நடப்பது சுலபம்.

சேலம் ஆசிரியை, மறுபடி: மாலையில் ஆறு முறைதான் எழ முடிந்தது மேடம். இப்போது வலி கூடியிருக்கிறது. நிறுத்திவிடவா?

பத்துக்கு எவ்வளவு வலி என்று ஒரு மார்க் போடுங்கள். ஐந்துக்குள் இருந்து, நாளை மாலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, நாளை மறுநாள் அதே ஆறு செய்யுங்கள். இறங்கவில்லை என்றால் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு நான்கிலிருந்து ஆரம்பியுங்கள். மூட்டு சிவந்து சூடாக வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் எதையும் செய்யாமல் நேரே டாக்டரிடம் போங்கள்.