வில்லியம் லாம்டன் படைவீரரா, நில அளவையாளரா?

இரண்டும்தான். சம்பளம் வாங்கியது படை அதிகாரியாக. பெயர் வாங்கியது அளவையாளராக.

யார்க்‌ஷயரில் பிறந்த லாம்டன் பிரிட்டிஷ் படையின் 33ஆவது காலாட்படையைச் சேர்ந்தவர். அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுனில் சிறைப்பட்டு, பிறகு கனடாவில் பல ஆண்டுகள் இருந்தார். அங்கே பெரிய பதவி உயர்வு எதுவும் கிட்டவில்லை. கணிதம் மட்டும் நன்றாக வளர்ந்தது. 1799இல் திப்பு சுல்தானுக்கு எதிரான போரில், ஓர் இரவு பிரிட்டிஷ் ஜெனரல் பேர்டின் படை வடக்கே போவதாக நினைத்துத் தெற்கே, எதிரி முகாமை நோக்கி நடந்தது. வானத்து விண்மீன்களைப் பார்த்து அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் இவர்தான்.

1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே நூறடி எஃகுச் சங்கிலியால் சுமார் ஏழரை மைல் அடிக்கோட்டை, அதாவது மற்ற தூரங்களைக் கணக்கிட அடிப்படையாகும் நேர்கோட்டை, அளக்கத் தொடங்கினார். நாட்டையே முக்கோணங்களால் அளந்த பெரும் பணியின் தொடக்கம் அது. ஏறத்தாழ அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணம் அளக்கும் கருவியை 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. வேறொருவராக இருந்தால் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பார். இவரோ கூடாரத்துக்குள் சுமார் ஆறு வாரம் உட்கார்ந்து, கருவியின் வளைந்துபோன அளவு வட்டத்தைத் தாமே நிமிர்த்திவிட்டார்!

1823 ஜனவரியில், எழுபது வயதை ஒட்டி, இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் பணியிலிருந்தபோதே இறந்தார். உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் பணியைத் தொடர்ந்தார். எவரெஸ்ட் சிகரத்துக்கு வைக்கப்பட்டதும் அவர் பெயர்தான்.