ஆன்லைனில் இருந்தால் ஆபீஸில் இருப்பதாகுமா?

கேள்வி: வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு அக்காவிடம் வாட்ஸ்அப்பில் பேசினாலும், "ஆன்லைன்லதானே இருக்கீங்க, ஃபைலை அனுப்புங்க" என்கிறார் மேலாளர்.
- வாசகி, குளச்சல்

பதில்: 'ஆன்லைன்' என்றால் ஆப் திரையில் திறந்திருக்கிறது, நெட் இருக்கிறது, அவ்வளவுதான் தங்கச்சி. 2022 முதல் அதை மறைக்கலாம். செட்டிங்ஸ், பிரைவசியில் 'லாஸ்ட் சீன் அண்ட் ஆன்லைன்' போங்கள். லாஸ்ட் சீனுக்கு 'மை காண்டாக்ட்ஸ் எக்ஸெப்ட்' தொட்டு மேலாளர் பெயரைக் குறியுங்கள். கீழே 'சேம் அஸ் லாஸ்ட் சீன்' வையுங்கள். அவர் ஆன்லைனில் இருப்பதும் உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

தக்கலையில் வேலை பார்த்தபோது, அம்மாவுக்குக் கஞ்சி ஊற்றிய கையோடு மெசேஜுக்குப் பதில் போட்டவள் நான். கஞ்சி ஆறி ஆடை படர்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. "ஏழு மணிக்கு மேல அவசரம்னா போன் பண்ணுங்க சார்" என்று நாளைக்கே சொல்லிவிடுங்கள்.